அமெரிக்கன் அசனம்

சொர்ணம்மாள் டப்பாவைக் கொண்டுவந்து டங்கென்று மேஜையில் வைத்தபோது, ஒஹாயோவில் யாரோ ஒரு கிழவரின் முழங்கால் ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஏன் பணம் தர மறுத்தது என்று சுஜா லேப்டாப்பில் துழாவிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் விக்ரோலியில். வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டிலிருந்தே வேலை. வீடு என்றால் தாராவி கிராஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் ஓர் இரும்பு ஏணி. ஏணிக்கு அடியில் மடக்கு மேஜையைப் போட்டுக்கொண்டு அதுதான் தன் கேபின் என்று சொல்லிக்கொள்வாள். அந்தக் கேபினுக்குள் அனுமதி கேட்டு வந்தவர்கள் இதுவரை யாரும் இல்லை. சொர்ணம்மாள் சபையின் பெண்கள் சங்கத்துத் தலைவி. ஜெபத்தில் கர்த்தரையே அதட்டுகிறவள்.

அது பழைய எண்ணெய் டப்பா. மூடியில் நெயில் பாலிஷால் ஒரு சிலுவை போட்டிருந்தது.

"இந்தா. ஒங்க அமெரிக்காக்காரன்ட்ட கேட்டுச் சொல்லு. இத நான் என்ன செய்யணும்?"

"என்ன அத்தை இது?"

"என்னதா? கைப்பிடி அரிசிட்டி. ஒங்க வீட்லயும் ஒண்ணு நெறஞ்சு கெடக்கும். ஒங்கம்மைட்டக் கேளு."

சுஜாவின் அம்மா ஜெயசீலி அடுப்படியிலிருந்து திரும்பவே இல்லை. "கெடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள். பசியோ நோவோ, அந்தப் பிடி டப்பாவுக்குப் போய்விடும். தாராவிக்கு வந்து இத்தனை தலைமுறையான பிறகும் போடுகிறார்கள். நவம்பரில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை வரும்போது சொர்ணம்மாள் சாக்கோடு வீடு வீடாகப் போவாள். டப்பாக்கள் சாக்கில் கவிழும். ரேஷன் அரிசி, கோலம் அரிசி, பொன்னி, இட்லி அரிசி, யாரோ பிரியாணிக்கு வாங்கி மிச்சம் வைத்த பாஸ்மதி, எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே அண்டாவில் வேகும். அதுதான் அசனம். சபையார், சபைக்கு வராதவர், சந்தில் போகிறவர் எல்லோரும் ஒரே பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அந்தக் கலப்பரிசியைப் பதமாக வடித்த சமையல்காரன் இன்னும் பிறக்கவில்லை. பாதி குழைந்திருக்கும், பாதி ஊசி மாதிரி நிற்கும். வருஷா வருஷம் சோற்றைக் குறை சொல்வார்கள், வருஷா வருஷம் மறுசோறு கேட்பார்கள். ஒருமுறை செம்பூரில் பிளாட் வாங்கிப் போன ஒரு கான்ட்ராக்டர், மகள் கல்யாண சந்தோஷத்தில் மொத்த அசனத்தையும் தானே போடுவதாகக் கேட்டார். கமிட்டி யோசிக்கவே இல்லை. "ஒம்ம கைப்பிடியக் குடும். மிச்சத்துக்கு மகளுக்கு நகை போடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கமிட்டிதான் இந்த வருஷம் டக்ளஸிடம் சரி என்று சொல்லியிருந்தது.

டக்ளஸ் நெப்ராஸ்கா மாநிலத்தில் டிராக்டர் விற்று ஓய்வு பெற்றவர். அவருடைய சபைதான் இங்கே கோயிலுக்குக் கூரை போட்டுக் கொடுத்தது. கூரை போட்டவனிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? இரண்டு ஞாயிறுக்கு முன்னால் பாஸ்டர் பீடத்தில் நின்று, "இந்த வருஷ அசனச் செலவு முழுசையும் பிரதர் டக்ளஸோட சபை ஏத்துக்கிட்டாங்க. யாரும் அரிசி தர வேண்டியதில்ல" என்று அறிவித்தார். சபை ஸ்தோத்திரம் சொன்னது. சொன்ன விதத்தில் கொஞ்சம் காற்று குறைவாக இருந்தது, அவ்வளவுதான். டப்பாக்களை யாரும் நினைக்கவில்லை. ஆண்டவருக்கு என்று எடுத்து வைத்ததை வீட்டில் பொங்கக் கூடாது. கோயிலுக்கோ அது வேண்டாம். சந்து முழுக்க, வீட்டுக்கு ஒன்றாக, சிலுவை போட்ட டப்பாக்கள் போக்கிடம் இல்லாமல் உட்கார்ந்திருந்தன.

"வீட்ல பொங்கவா? புறாவுக்குப் போடவா? நீதான இங்கிலீஷ்ல பேசுன" என்றாள் சொர்ணம்மாள். "கேட்டுச் சொல்லு."

அவள் போன பிறகு சுஜா அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இங்கிலீஷில் பேசியது அவள்தான். ஜூலையில் ஒரு வீடியோ காலில் டக்ளஸ் கேட்டார், இவ்வளவு பேருக்கு எப்படிச் சோறு போடுகிறீர்கள் என்று. வீட்டுக்கு ஒரு பிடி என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இல்லாத வீடும் கொடுக்கும்" என்று ஒரு வாக்கியம் சேர்த்தாள். பொய் இல்லை. ஆனால் நாலு வருஷமாக அமெரிக்கர்களோடு போனில் பேசிப் பிழைக்கிறவளுக்கு எந்த வாக்கியத்தில் அந்தப் பக்கம் மௌனமாகும் என்று தெரியும். அமெரிக்காவை அவள் முழங்கால், சிறுநீரகம், இதயம் என்று பாகம் பாகமாகத்தான் அறிவாள், ஆனால் அந்த மௌனத்தை முழுசாக அறிவாள். திரையில் டக்ளஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுவாரம் பணம் வந்தது. அதற்கு மறுவாரம் இன்னொன்றும் வந்தது. அவருடைய சபை நடத்தும் கல்லூரியில் சுஜாவுக்கு இரண்டு வருஷம் படிப்பு, செலவு அவர்களுடையது. பண்டிகைக்காக மும்பை வந்திருக்கும் டக்ளஸ் இந்தப் பயணம் முடிந்து ஊர் திரும்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும். இது சந்துக்கே தெரியும்.

சனிக்கிழமை காலை கோயில் வளாகத்தில் தார்ப்பாய் விரித்துக் காய்கறி வெட்டினார்கள். சாம்பாருக்குக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் ஒரு மலை, கூட்டுக்குப் பூசணி ஒரு மலை. சுஜாவின் அப்பா தனசீலன் பூசணி மலைக்குப் பக்கத்தில் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சொந்தமாகச் சின்னத் தோல்பட்டறை உண்டு. ஆண்கள் மடித்துப் பையில் வைக்கும் பர்ஸ்தான் சரக்கு. ஒரு எக்ஸ்போர்ட்டர் வழியாக அத்தனையும் அமெரிக்கா போகும். ஆகஸ்டில் அங்கே இந்தியச் சரக்குக்கு ஐம்பது சதவீதம் வரி என்று அறிவித்த மறுவாரமே எக்ஸ்போர்ட்டர் தைத்த பர்ஸ்களை அப்படியே திருப்பி அனுப்பினான். ஆறு மெஷினில் நாலுக்கு உறை போட்டாகிவிட்டது. அப்பா எதற்கும் சத்தம் போடுகிறவர் இல்லை. உறை போட்ட மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து மீதி இரண்டுக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார்.

சுஜாவின் சித்தி மகன் ஜாபெஸ், நியூயார்க் என்று எழுதிய தொப்பியோடு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். அந்தத் தொப்பி தைக்கப்பட்ட இடம் இங்கிருந்து கூப்பிடு தூரம்.

"நாளைக்கு அமெரிக்கன் அசனம்யா" என்றான். "ஃபுல் பாஸ்மதி. ஒவ்வொரு பருக்கையும் விசா வாங்கிட்டு வருது."

தார்ப்பாய் முழுக்கச் சிரித்தது. தனசீலன் பூசணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "வரியும் அவந்தான் போடுதான். சோறும் அவந்தான் போடுதான்."

"டக்ளஸா வரி போட்டாரு?" என்றாள் சுஜா.

"அவரு போடல. போட்டவனுக்கு ஓட்டுப் போட்டாரான்னு கேட்டியா?"

"அதெல்லாம் எப்படிப்பா கேக்க முடியும்?"

"அதான். அவரு நம்மட்ட கேக்கலாம். எவ்ளோ சம்பளம், வீட்ல எத்தன பேரு, கக்கூஸ் இருக்கா, எல்லாம் கேட்டாரு. நல்ல மனுசன்தான், அக்கறையாத்தான் கேட்டாரு. நாம அவர்ட்ட ஒண்ணு கேட்டா அது மரியாத இல்ல."

நாகூர் கனி கத்தரிக்காயின் காம்பைக் கிள்ளி எறிந்தார். அப்பாவின் பட்டறைக்குத் தோல் வெட்டிக் கொடுக்கிறவர், மேலப்பாளையத்துக்காரர். பள்ளிவாசல் கந்தூரி விருந்துக்கு அப்பா போவதும் அசனத்துக்கு இவர் வருவதும் பேசி வைத்ததில்லை, நடக்கிறது. "ஒலகத்துல எவன் வீட்ல சண்டைன்னாலும் செருப்பு மாட்டிட்டுப் பஞ்சாயத்துக்கு வந்துருதான்வே. அவன் வீட்டுப் பஞ்சாயத்துக்கு நம்மளக் கூப்புடுதானா? அங்கதான் எரியுது."

"ரொம்ப எரியுதோ?" என்றான் ஜாபெஸ். "பெறவு எதுக்கு மாமா பைசானுக்கு டாலஸ்ல வேல இருக்கான்னு போன வாரம் சுஜாட்டக் கேட்டீய?" பைசான் அவருடைய மகன். டூரிஸ்ட் கார் ஓட்டுகிறான். டக்ளஸுக்கு இந்த ஒரு வாரமும் வண்டி அவனுடையதுதான்.

"அது வேறல."

"அரே, என்ன வேற?"

"பெரிய வீட்டு மேல கோவம்னா உள்ள போவப் பிடிக்கலன்னா அர்த்தம்? உள்ள என்ன இருக்குன்னு பாக்க விடமாட்டேங்கானேன்னுதாம்ல கோவமே." அவரே முதலில் சிரித்தார்.

சொர்ணம்மாள் சிரிக்கவில்லை. "எனக்கு வரியும் தெரியாது, சண்டையும் தெரியாது" என்றாள். "போன வருசம் இதே எடத்துலதான் நின்னாரு. போட்டோ எடுத்தாரு. நான் எலையில தண்ணி தெளிச்சு எடம் போட்டேன். நோ நோ, தேங்க்யூன்னுட்டு பையிலேருந்து ஏதோ பிஸ்கோத்த எடுத்து நின்னுக்கிட்டே தின்னாரு. எல்லாரும் கீழ உக்காந்து திங்கோம், அவரு மேல நின்னு நம்மளப் பாத்து அழுதாரு. ஏன் அழுதாரு? நாம என்ன செத்தா போயிட்டோம்? சோறு போடுதவன் பந்தியில உக்காரலன்னா அது அசனமா? கஞ்சித்தொட்டி."

அரிவாள்மணைகள் நின்றுவிட்டன. சுஜாவுக்கு அந்தக் காட்சி ஞாபகம் இருந்தது. டக்ளஸ் அழுதபோது தானும் நெகிழ்ந்துபோய் அவருக்கு டிஷ்யூ பேப்பர் கொடுத்ததும் ஞாபகம் இருந்தது.

"காய்கறி எவன் காசுலயும் இருக்கட்டும்" என்று தொடர்ந்தாள் சொர்ணம்மாள். " அரிசி நம்மது. டப்பாவ எல்லாம் கொண்டாரச் சொல்லிட்டேன், கமிட்டி செக்ரட்டரி தலைய ஆட்டிட்டாரு. டக்ளஸும் ஒரு பிடி கொண்டாரட்டும், எல்லாரையும் மாதிரி. பந்தியில உக்காரட்டும். மாட்டாருன்னா நான் நாளைக்கு வரமாட்டேன். எங்க லைன்ல ஒரு வீடும் வராது. ஏட்டி, நீ சொல்லு அவர்ட்ட."

எல்லோரும் சுஜாவைப் பார்த்தார்கள். அப்போது தனசீலன் மெதுவாக, "அவள இதுக்குள்ள இழுக்காதீய. அவளுக்கு அங்க படிப்பு இருக்கு" என்றார்.

ஆமா ஆமா என்று இரண்டு மூன்று குரல்கள். பாவம், படிக்கப் போற பிள்ள, நாம யாராவது சொல்லிக்கலாம். ஒருவர் குரலிலும் குத்தல் இல்லை. உண்மையான அக்கறைதான். அதுதான் சுஜாவைச் சுட்டது. டக்ளஸுக்கு எட்டி நின்று பிஸ்கோத்துத் தின்ன அனுமதி கொடுத்த மாதிரி தனக்கும் கொடுக்கிறார்கள். தார்ப்பாயில் அவள் உட்கார்ந்திருந்த இடம் திடீரென்று அரை அடி உயர்ந்துவிட்டது போல இருந்தது.

"சொல்லுதேன்" என்றாள்.

மதியம் டக்ளஸ் வந்தார். காதில் கேட்கும் கருவி, கையில் சின்னத் துவாலை, எல்லோருக்கும் தனித்தனியாக வணக்கம். குறை சொல்ல முடியாத மனிதர். கூரை வேலை நடந்தபோது ஏணியில் ஏறிக் குழந்தை மாதிரி ஓடு பிடித்தவர். சுஜா அவரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். நாளெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் ஒப்புக்கொள்ள முடியாது, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று தயங்காமல் பேசுகிற நாக்கு, இப்போது இரண்டு சின்ன விஷயத்துக்குச் சுற்றிச் சுற்றி வந்தது. நாளைக் காலை எல்லா வீடும் அரிசி கொண்டுவரும். நீங்களும் கொஞ்சம் கொண்டுவந்தால் சபை சந்தோஷப்படும். அப்புறம், எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா?" என்றார்.

"சே, சே, இல்லை" என்றாள். பழக்கம். அமெரிக்கக் குரல் வாடினால் அவள் வாய் தானாக மன்னிப்புக் கேட்கும்.

அரிசி கொண்டுவருவது தனக்குப் பெருமை என்றார், முகம் மலர்ந்தே சொன்னார். சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்ததும் தண்ணீர் டிரம் பக்கம் ஒருமுறை பார்த்தார். ஹோண்டுராஸில் ஊழியத்துக்குப் போயிருந்தபோது ஒரு வீட்டில் சாப்பிட்டதையும், அதற்கப்புறம் குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்ததையும் தாழ்ந்த குரலில் சொன்னார். இதைப் போன வருஷம் யாரிடமும் சொல்லவில்லையாம். சொன்னால் சமைத்தவர்கள் மனசு புண்படும் என்று நினைத்தாராம். "நீயும் சொல்லாதே. நாளை பார்ப்போம்" என்றார்.

அவர் கார் போன பிறகும் சுஜா மரத்தடியிலேயே நின்றாள். இத்தனை நாள் இந்த வளாகத்தில் எல்லோரும் டக்ளஸை என்னென்னவோ நினைத்தார்கள். பெரிய மனுஷர், நல்லவர், கெத்துக்காரர், அழுமூஞ்சி. அவர் நம்மைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உலகத்துக்கே வாத்தியார் வேலை பார்க்கிற ஊரிலிருந்து வந்தவருக்கு ஒரு டிரம் தண்ணீரிடம் பயம். அது அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. அந்தத் தண்ணீரைத்தானே அவள் பிறந்ததிலிருந்து குடிக்கிறாள்.

ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்னாலேயே டப்பாக்கள் வந்துவிட்டன. எண்ணெய் டப்பா, பால் பவுடர் டப்பா, மூடி இல்லாத பிரஷர் குக்கர் ஒன்று. விரித்த தார்ப்பாயில் வரிசையாகக் கவிழ்த்தார்கள். வெள்ளையும் பழுப்புமாக அரிசி குவிந்தது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து கல் பொறுக்கினார்கள். இது யார் வீட்டு அரிசி, இவ்வளவு வண்டு, வண்டும் ஆண்டவர் படைப்புதான் அத்தை, என்று ஒரே பேச்சு. ஜெயசீலி டப்பாவைக் கவிழ்த்து உள்ளங்கையால் அடியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோது இரண்டு வாரமாக இல்லாத ஒரு நிமிர்வு அவள் தோளில் இருந்தது.

அப்போது சந்துக்குள் ஒரு டெம்போ ரிவர்ஸில் வந்தது. பீப் பீப் என்று கத்திக்கொண்டே, காய்கறி வண்டிகளை ஒதுக்கிக்கொண்டே, கோயில் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றது. முன்னாலிருந்து டக்ளஸ் இறங்கினார். கதர் ஜிப்பா போட்டிருந்தார். அவர் கண் காட்டியதும் பைசான் பின் கதவைத் திறந்தான். உள்ளே மூட்டைகள். மயில் படம் போட்ட முதல் தர பாஸ்மதி மூட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாக டெம்போவின் கூரை வரைக்கும்.

"என் அரிசியைக் கொண்டுவந்திருக்கிறேன்" என்றார் டக்ளஸ்.

ஒரு நிமிஷம் கல் பொறுக்கிய கைகள் எல்லாம் நின்றன. ஜாபெஸ்தான் ஆரம்பித்தான். "ஒரு பிடின்னா சொன்னீய? அவரு பிடி அவ்ளோ பெருசு."

வளாகமே வெடித்துச் சிரித்தது. ஆண்கள், பெண்கள், பாஸ்டர்கூட வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். டக்ளஸும் சிரித்தார். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்து, எதற்கென்று தெரியாமல், கையைத் தட்டிக்கொண்டே சிரித்தார். சுஜாவால் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு தேங்க்யூ சொல்லி மூட்டைகளை இறக்கிவிட்டால் முடிந்தது. அரிசி கெட்டா போகும்? அவர் சந்தோஷமாக ஊர் போவார், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுவார், அடுத்த ஆகஸ்டில் அவள் விமானம் ஏறுவாள். தார்ப்பாயைத் திரும்பிப் பார்த்தாள். மயில் மூட்டைகளுக்கு முன்னால் அந்தக் குவியல் சட்டென்று கோழிக்குப் போட்ட தீனி மாதிரி சிறுத்துப் போயிருந்தது. அம்மா காலி டப்பாவை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள்.

சுஜா டெம்போவிடம் போனாள். "டக்ளஸ், ஒரு கைப்பிடிதான். மீதியைத் திருப்பி அனுப்ப வேண்டும்."

"அதிகம் இருந்தால் நல்லதுதானே? மிஞ்சினால் வீடுகளுக்குக் கொண்டுபோகட்டும்."

"கொண்டுபோக மாட்டார்கள்."

"ஏன்?"

நேற்று வேப்பமரத்தடியில் சுற்றிச் சுற்றி வந்த நாக்கு இன்று நேராக நின்றது. "இங்கே எல்லாரும் ஒரே அளவு. நீங்கள் இவ்வளவு கொடுத்தால் அவர்கள் கொடுத்தது ஒன்றும் இல்லாமல் போய்விடும்."

அவர் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனது. காதுக் கருவியைத் தொட்டார், சரியாகத்தான் கேட்டதா என்பது போல. அந்த முகத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். எக்ஸ்போர்ட்டர் திருப்பி அனுப்பிய பர்ஸ் பெட்டிகளைப் பட்டறை வாசலில் இறக்கிவிட்டு டெம்போ போன அன்று அப்பா நின்ற முகம். சரக்கில் குறை இல்லை, தையலில் குறை இல்லை, ஆனால் வேண்டாம். அந்த முகத்தை டக்ளஸிடம் பார்த்தபோது அவளுக்குள் எங்கோ மெலிசாக ஓர் இனிப்பு கசிந்தது. நீயும் பாரு என்கிற இனிப்பு. அது தனக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்குக் கூசியது. இனிப்பு என்னவோ போகவில்லை.

டக்ளஸ் பைசானிடம் கத்தி வாங்கி ஒரு மூட்டையின் வாயைப் பிரித்தார். இரண்டு கையாலும் அள்ளினார். சொர்ணம்மாள் எழுந்து வந்து தலையை ஆட்டி ஒரு கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். அவர் ஒரு கையைத் தட்டிவிட்டு மறு கையை மூடினார். அந்த ஒற்றைக் கையே அவளுடைய இரண்டு கைக்குச் சமம்.

"பரவால்ல" என்றாள் சொர்ணம்மாள். "கை கர்த்தர் குடுத்தது. அதக் கொறைக்க முடியுமா?"

அவர் விரல்களைத் திறந்தார். நீள நீளமான பாஸ்மதி குவியலின் மேல் கொஞ்ச நேரம் தனியாகத் தெரிந்தது. பிறகு யாரோ கல் பொறுக்கக் கையை விட்டுக் கலக்கினார்கள். டெம்போ மூட்டைகளோடு ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. பிரித்த மூட்டையைக் கடைக்காரன் திரும்ப எடுப்பானா என்று பைசான் தன் வாப்பாவிடம் கேட்டான். அது யாருக்கும் தெரியவில்லை. ஆராதனை முடிகிறவரை டக்ளஸ் சுஜா பக்கம் திரும்பவில்லை.

நண்பகலில் பந்தி போட்டார்கள். சந்தின் முனை வரைக்கும் பாய், பாய் முழுக்க இலை. டக்ளஸ் தானாகவே வந்தார். தனசீலனுக்கும் நாகூர் கனிக்கும் நடுவே இடம் இருந்தது. ஜாபெஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, ஒரு முழங்காலை மடித்து, மறு முழங்காலைக் கையால் பிடித்து மடக்கி, சுவரைப் பற்றிக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கினார். நாகூர் கனி நகர்ந்து கால் நீட்ட இடம் விட்டார்.

சோறு வந்தது. பாதி குழைவு, பாதி ஊசி. சுஜா சாம்பார் வாளியோடு எதிர்ப்பக்கம் நின்றாள். சொர்ணம்மாள் அந்த டிரம்மிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு டக்ளஸின் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் இலைக்குப் போய் உட்கார்ந்தாள். பாஸ்டர் ஜெபித்தார். ஆமென் என்றது பந்தி. ஆமென் சொன்னதும் கை இலைக்குப் போய்விடும், அதற்குத்தான் அவ்வளவு சின்ன ஜெபம். இன்று ஒரு கையும் போகவில்லை. யாரும் டக்ளஸை நேராகப் பார்க்கவும் இல்லை. இலையைப் பார்க்கிறார்கள், சாம்பாரைப் பார்க்கிறார்கள், அடுத்தவர் முழங்காலைப் பார்க்கிறார்கள். பந்தி முழுக்க ஒரே திசையில் காது மட்டும் திரும்பியிருந்தது.

ஹோண்டுராஸ் இந்த வளாகத்தில் சுஜாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அத்தனை பேரும் பதறிப்போய் அவரை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்து விசிறுவார்கள். அதற்கப்புறம் அவர் என்றைக்கும் நாற்காலியில்தான் இருப்பார். அவர் சாப்பிட்டு உடம்புக்கு ஏதாவது ஆனால் என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் கிடந்தது. அவர் சாப்பிட வேண்டாம், எழுந்து போகட்டும் என்று அவளுக்குள் ஒரு மூலை வேண்டிக்கொண்டிருந்தது. எழுந்து போகிறவரைத் திட்டுவது சுலபம். பக்கத்தில் உட்கார்ந்து நம் சோற்றைத் தின்றுவிட்டால் அப்புறம் அவரை என்ன செய்வது, உறை போட்ட நாலு மெஷினையும் யார் கணக்கில் வைப்பது?

டக்ளஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். காலையிலிருந்து முதல்முறையாக. அவள் கொஞ்சம் தலையை அசைத்தால், வேண்டாம் என்று, அவர் எழுந்துவிடுவார். வாளியின் கனத்தில் அவளுடைய விரல்கள் வெளுத்திருந்தன. அவள் அசையவில்லை.

அவர் ஜிப்பாக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். வலது கையை இலைக்கு மேலே கொண்டுவந்தார். ஐந்து விரலும் விறைப்பாக விரிந்து, எங்கே இறங்குவது என்று தெரியாமல் ஆவியில் நின்றது. அவருக்குப் பக்கத்தில் தனசீலன், அவரைத் திரும்பிப் பார்க்காமல், தன் இலையில் கையை வைத்துச் சோற்றைச் சாம்பாரோடு பிசைந்தார். மெதுவாக, விரல் விரலாகத் தெரியும்படி. ஒரு கவளம் உருட்டி, கட்டைவிரலை அதன் பின்னால் கொடுத்து, வாய்க்குக் கொண்டுபோகாமல் பாதி வழியில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.